மைக்காரரின் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள்

தொண்டையில் கத்தி வைப்பதற்கு முந்தைய மூன்று வாரமும் மைக்காரர் பேசித் தீர்த்தார். முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு வாசித்த குரல் அது. புற்று வந்த குரல்வளையை டாக்டர்கள் எடுத்துவிடப் போகிறார்கள் என்றதும், அதே குரலில் பேசும் கருவி செய்து தருகிறோம், ஆயிரத்து அறுநூறு வாக்கியம் பதிந்து கொடுங்கள் என்றது ஒரு நிறுவனம். கதவைச் சாத்து என்பதிலிருந்து மச்சினனைத் திட்டுவது வரை எல்லாவற்றையும் பதிந்தார். அத்தனையும் ஒரு பழைய, சின்ன பென்டிரைவில். இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள் என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டதை, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதும் அவர்தான்.

அறுவை முடிந்தது. இப்போது வீட்டில் அவர் பேச்செல்லாம் தட்டல்தான். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் வேண்டாம்.

திங்கட்கிழமை பதிவுகளை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். சனிக்கிழமை காலை கணினி தானாகவே அப்டேட் போட்டுக்கொண்டு எழுந்தது. பென்டிரைவைச் செருகினால் சத்தம் மட்டும் வந்தது, திரையில் ஒன்றையும் காணோம். மனைவி தன் தம்பியை வரச் சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

மச்சினன் தங்கமானவன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தான், டிரைவரை நீக்கி மறுபடி போட்டான், கடைசியில் டிஸ்க் பட்டியலில் அது இருப்பதையும், இ, எஃப் என்று கணினி அதற்குக் கொடுக்கும் எழுத்து மட்டும் காணாமல் போயிருப்பதையும் கண்டுபிடித்தும் விட்டான். எழுத்தை மாற்று என்ற வரி கண்ணெதிரே இருந்தது, அதை அழுத்தியிருந்தால் எல்லாம் திரும்ப வந்திருக்கும். பாவி, அதைத் தாண்டிப் போனான்.

"ஃபார்மட் கொடுத்தா வந்துடும் மாமா. கொடுத்துடவா?"

அடுத்த அறையில் தொண்டைத் துளையின் குழாயைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு, ஃபார்மட் என்றால் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று தெரியும். வாயைத் திறந்தார், காற்றுகூட வரவில்லை. பதறிப்போய் இரண்டு கையாலும் மேசையில் அறைந்தார். இரண்டும் ஒன்றாக விழுந்தன. கேட்டது ஒரே சத்தம்.

மச்சினன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு அழுத்தினான். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவன், விரைவாக, மேலோட்டமாக அழி என்ற இடத்தில் இருந்த குறியையும் எடுத்துவிட்டிருந்தான். குழாயை மறுபடி பொருத்திக்கொண்டு அவர் ஓடி வருவதற்குள் திரையில் பச்சைக் கோடு முக்கால்வாசி ஓடிவிட்டது. பிடுங்கப் போன அவர் மணிக்கட்டை அவன் பிடித்துக்கொண்டான்.

"நடுவுல எடுத்தா கெட்டுப்போயிடும் மாமா. கொஞ்சம் பொறுங்க."

மறு கையால் அவர் இரண்டு முறை தட்டினார். அவன் முகம் வெளுத்தது.

கணினிக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினான். மேலோட்டமாக அழித்திருந்தால் மீட்டிருக்கலாம், இது மொத்தமாகத் துடைத்தது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டாராம். திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தவன் நிமிரவே இல்லை. அவன்மேல் மைக்காரருக்குக் கொலைவெறி வந்தது. அவனைப் பார்க்கப் பார்க்க அதுவும் வடிந்துபோயிற்று.

மனைவி மருந்துப் பையோடு உள்ளே வந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். யார் அழிக்கச் சொன்னது என்று கேட்டாள்.

அவர் நோட்டை இழுத்து, நான்தான் சொன்னேன் என்று எழுதிக் காட்டினார்.

"இனிமே உங்க குரலை நான் எங்க போய்க் கேப்பேன்?" என்றாள்.