ஜிப்பு தெரிகிற காட்சி

‘கொரில்லா மலைக் கன்னி’ படப்பிடிப்பின் கடைசி நாளில் ஜிப்பு மாட்டிக்கொண்டதால், திருமூர்த்தி அன்று முதல் கொரில்லா உடையிலேயே இருக்கிறார். உடுமலைப்பேட்டையில் இது எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கார்டில் இருக்கும் போட்டோவும் அப்படித்தான்.

படத்தை எடுத்த ஜெயசீலன் அன்று சாயங்காலம் தேங்காய் எண்ணெய் விட்டு இழுத்துப் பார்த்தார். சோப்புத் தேய்த்துப் பார்த்தார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, யூனிட்டோடு வேன் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டார். காலையில் திருமூர்த்தி டவுன் பஸ் பிடித்துப் போய்த் தென்னைநார் ஆலையில் வேலை கேட்டார். நாரோடு நாராக நிற்கும் ஆள் என்று மேஸ்திரிக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு வசந்தாமணியைப் பெண் பார்க்கப் போனார். பெண்ணின் அப்பா ஒன்றுதான் கேட்டார்.

“வெயில் காலத்துல எப்படிங்க மாப்பிள்ளை?”

“தண்ணி ஊத்திக்குவேனுங்க.”

கல்யாணம் நடந்தது.

படம் வெளியானபோது ஓடவில்லை. ஒரே அருவியை மூன்று அருவியாகக் காட்டியிருந்தார்கள். தகரத்தைத் தட்டி இடி வரவழைத்திருந்தார்கள். கருப்புக் கம்பளியில் தைத்த உடைக்குத் தயாரிப்பாளரின் பயணப் பையிலிருந்து சிவப்பு ஜிப்பைப் பிரித்து வைத்திருந்தார்கள். செத்துப்போன கன்னியைத் தூக்கிக்கொண்டு கொரில்லா மலையேறும் காட்சியில் அது கேமராவுக்கு முதுகைக் காட்டும். பிடரியிலிருந்து இடுப்பு வரை ஜிப்பு பளிச்சென்று தெரியும்.

பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரவேண்டிய படப்பெட்டி வராததால் தியேட்டர்காரர் இதைப் போட்டார். பல் டாக்டர் அருள்மொழி அன்று வந்திருந்தார். ஜிப்பு வந்ததும் அவர் இருக்கையிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு நாலு பேரைக் கூட்டிவந்தார். அப்புறம் மதியக் காட்சிக்கு வாரா வாரம் கூட்டம் நிறைந்தது. ஜிப்பு வரும்போது எல்லோரும் எழுந்து திரைக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். எல்லோருடைய சட்டை முதுகிலும் சிவப்பு ஜிப்பு தைத்திருக்கும்.

படம் விட்டதும் வாழைப்பழத்தோடு திருமூர்த்தி வீட்டுக்கு வருவார்கள். அவர் முக்காலியில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். ஆளுக்கு ஒரு தடவை ஜிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வசந்தாமணி தரும் மோரைக் குடித்துவிட்டுப் போவார்கள். வழக்கமாக வருகிறவர்களை அவருக்கு விரல் பட்டாலே தெரியும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் ஜெயசீலன் வந்தார். முடி நரைத்திருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி பழைய படங்களைச் சுத்தம் செய்கிறது என்றும், தன் படத்தையும் அதற்கு எடுத்திருக்கிறது என்றும் சொன்னார்.

“கீறல் எல்லாம் போயிடும், திருமூர்த்தி. ஜிப்பையும் அழிச்சிடலாம்னு சொல்றாங்க.”

“படத்துலயா, முதுகுலயா சார்?”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

திருமூர்த்தி அதை யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அழித்துவிட்டால் அப்புறம் வெளியே வர வழி இருக்காது.

“ஜனங்க சிரிக்கிறாங்க,” என்றார் ஜெயசீலன். “சொல்லாம கொள்ளாம வந்து கடைசி வரிசையில உக்காந்து பாத்தேன். அந்தக் கொரில்லா அழுவுற இடத்துல, ஜனங்க எந்திரிச்சு நின்னு சிரிக்கிறாங்க. எடிட்டிங்ல நான் அந்த இடத்துல அழுதவன்.”

திருமூர்த்திக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. முகமூடியில் கண்ணீர் தெரியாது என்பதால், “முதுகால அழு திருமூர்த்தி, முதுகால அழு” என்று ஜெயசீலன் கத்திக்கொண்டே இருந்தார். அவரும் முதுகால் அழுதார். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை அழுதார். ஜிப்பு அதற்கு மேல் பளபளத்ததால் அதை யாரும் பார்க்கவில்லை. அவருக்கும் அந்தக் குறை உள்ளுக்குள் இருந்தது.

“வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனுங்க,” என்றார்.

ஜெயசீலன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார். விஷயம் ஊருக்குள் பரவியது. மறுநாள் காலையில் அருள்மொழி க்ளினிக்கைப் பூட்டிவிட்டு, ரசிகர்களோடு வந்துவிட்டார். கையில் பல் பிடுங்கும் குறடு இருந்தது.

“நல்ல படத்துல எங்களுக்கு வேலையே இல்லைங்க,” என்றார். “உக்காந்து பாத்துட்டு எந்திரிச்சு வரணும், அவ்வளவுதான். இந்தப் படத்துல ஆளாளுக்கு வேலை இருக்குது. அதைப் போய் அழிக்கறேங்கறாரு. சரி, அவரு படம், அவரு இஷ்டம். ஆனா நீங்க உள்ளயே மாட்டிக்கிட்டா எங்க மனசு கேக்காதுங்க. அழியறதுக்குள்ள வெளிய வந்துருங்க.”

வசந்தாமணி முக்காலியை வெளிச்சமான இடத்தில் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனின் முகத்தைப் பார்த்ததில்லை.

அருள்மொழி முதலில் கம்பளியில் மரப்பு ஊசி போட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்து, குறடால் ஜிப்பின் தலையைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார். கடவாய்ப் பல் கழன்று வருவது போலக் ‘கிறுக்’கென்று ஒரு சத்தம் வந்தது. ஜிப்பு ஒரு சாண் இறங்கியது. உள்ளேயிருந்து வெயில் வந்தது. கூடவே அருவிச் சத்தமும், யாரோ பிரேக்குக்கு டீ கேட்கும் குரலும் வந்தன.

அருள்மொழி குனிந்து பார்த்தார்.

“உள்ள மத்தியானமா இருக்குதுங்க,” என்றார்.

“தள்ளுங்க, நான் பாக்கறேன்,” என்று வசந்தாமணி அவரை நகர்த்தினாள். இடைவெளியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திருமூர்த்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவளுடைய மூச்சு பிடரியில் பட்டது. இத்தனை வருடத்தில் அவருக்கு அப்படிப் பயம் வந்ததில்லை.

அவள் நிமிர்ந்து ஜிப்பை மெதுவாக மேலே இழுத்து மூடினாள். எல்லோரையும் மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

ஆட்கள் போனபிறகு திருமூர்த்தி கேட்டார்.

“எப்படி இருக்குது?”

“நல்லாத்தான் இருக்குதுங்க. மூக்கு கொஞ்சம் கோணல்.”

“அப்புறம்?”

“சின்னப் பையனா இருக்கீங்க. மீசைகூட இன்னும் சரியா மொளைக்கல.” அவள் டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். “உள்ள இன்னும் அந்த மத்தியானமேதான். நான் முட்டிவலிக்குத் தைலம் தேச்சுட்டு உக்காந்திருக்கறவ. அந்தப் பையனைக் கூட்டியாந்து வெச்சுக்கிட்டு நான் என்னங்க பேசறது? அவனுக்கும் எனக்கும் சரிப்பட்டு வராது.”

திருமூர்த்தி தலையாட்டினார். அவருக்கும் அந்தப் பையனோடு பேச ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. எழுந்து லாட்ஜுக்குப் போய், அழித்துவிடச் சொன்னார். ஜெயசீலன் அவர் கையை, கம்பளியோடு சேர்த்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

சென்னையில் வேலை தொடங்கியதை வசந்தாமணி சீப்பில் கண்டுபிடித்தாள். தினமும் காலையில் அவருடைய முதுகைச் சீவிவிடும்போது சீப்பு ஜிப்பில் மாட்டும். அது பிடரிப் பக்கம் மாட்டாமல் போயிற்று. அப்புறம் நடுமுதுகில் மாட்டவில்லை. கடைசியில் இடுப்பில் சிவப்பாக ஒரு நூல் மட்டும் இருந்து, அதுவும் போய்விட்டது.

“இப்ப சீவ லேசா இருக்குதுங்க,” என்றாள்.

சுத்தம் செய்த படம் வந்த ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் நிறைந்திருந்தது. திருமூர்த்தி பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கொரில்லா கன்னியைத் தூக்கியது. முதுகைக் காட்டியது. முதுகு முழுவதும் கருப்பாக, ஈரமாக, குலுங்கிக் குலுங்கி அழுதது. யாரும் எழுந்திருக்கவில்லை. முன்னால் இருந்த ஒரு அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அருள்மொழி கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தவர்கள் ஜெயசீலனிடம் நல்ல படம் என்று சொன்னார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று திருமூர்த்தி வீட்டுக்கு யாரும் வரவில்லை. அவர் முக்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து வாழைப்பழம் வாங்கக் கடைக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். ஜெயசீலன் சென்னைக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் வந்தார். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தார்.

“நல்ல படம்னு சொல்லிட்டாங்க, திருமூர்த்தி,” என்றார் ஒருநாள் டீக்கடையில். “ஒருத்தர் விடாம சொல்லிட்டாங்க.”

“நான் முதுகால அழுதது தெரியுதுங்களா சார்?”

“நல்லாவே தெரியுது. நான்தான் இன்னும் கிட்டப் போய்ப் பாக்கணும்.”

அதற்குப் பிறகு லாட்ஜில் அவரைக் காணவில்லை. பெட்டி இருந்தது, செருப்பு இருந்தது. லாட்ஜ் மேனேஜர் அறையைப் பூட்டிச் சாவியைத் திருமூர்த்தியிடம் கொடுத்தார்.

அந்த வாரக் காட்சியில், கொரில்லா மலையேறும்போது, அருள்மொழி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அருவிக்கு இடது ஓரத்துல ஒரு முழங்கால் தெரியுதுங்க,” என்றார்.

திருமூர்த்தி பார்த்தார். கட்டம் போட்ட லுங்கிக்குக் கீழே ஒரு முழங்கால் தெரிந்தது. யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் தியேட்டர் நிறைந்தது. முழங்கால் வரும்போது எல்லோரும் லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு காலை நடைபாதையில் நீட்டினார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டதும் முழங்கால் தைரியம் பெற்றது போல இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. வாரா வாரம் தொடை, கை, தோள் என்று வந்து, ஒருநாள் ஜெயசீலன் முழுசாகப் பாறைமேல் நின்றார். வெயிலுக்குக் குடை பிடித்திருந்தார்.

சென்னையிலிருந்து அவருடைய மனைவி எஸ்தர் வந்தார். பிரஷர் மாத்திரையும் இஸ்திரி போட்ட ஒரு சட்டையும் கொண்டுவந்திருந்தார். வசந்தாமணி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். திருமூர்த்தியும் சேர்ந்து மூன்று பேரும் படம் பார்த்தார்கள்.

“மெலிஞ்சுட்டார்,” என்றார் எஸ்தர்.

“இடைவேளையில சாப்புடறாருங்க,” என்றாள் வசந்தாமணி.

திரையில் பாதை குறுகலாக இருந்தது. கொரில்லா கன்னியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டது. ஜெயசீலன் குடையை மடக்கி, ஒதுங்கி வழிவிட்டார்.

எஸ்தர் பர்ஸைத் திறந்து திருமூர்த்தியிடம் நோட்டை நீட்டினார்.

“அடுத்த ஆட்டத்துக்கும் ஒரு டிக்கெட் எடுத்துடுங்க தம்பி. இந்தப் பக்கம் திரும்புறாரான்னு பாக்கணும்.”

திருமூர்த்தி போய் வரிசையில் நின்றார்.