மண்ணெண்ணெய்க் கேன்

"இடது கைக்கு மன்னிச்சிடுங்க" என்று சொல்லித்தான் செர்வா தலைமையாசிரியரிடம் ஆய்வுக்கூடச் சாவியைக் கொடுத்தாள். கானா நாட்டுச் சுன்யானியில் இடது கையால் எதையும் நீட்டுவது அவமரியாதை. வலது கை வெந்து, கட்டுக்குள் கிடந்தது.

வேதியியல் டீச்சரான அவளை வேலையைவிட்டு அனுப்புவதா என்று முடிவு செய்ய நிர்வாகக் குழு கூடியிருந்தது. வேலை போனால் போகட்டும், ஸ்டோர்கீப்பர் ஓடூரோவை மண்டியிட வைக்காமல் போவதில்லை என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்தான் ஈரச் சொம்போட வந்தாங்க ஐயா. சோடியத்துல தண்ணி பட்டா வெடிக்கும்னு பசங்களுக்கே தெரியும்" என்றான் ஓடூரோ. பாவிக்கு வாய் கூசவில்லை.

சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்கடித்துத்தான் வைப்பார்கள். ஜாடியில் குறைந்ததென்று ஸ்டோர் கேனிலிருந்து ஊற்றினாள். கேன் தீரும் நேரத்தில் ஜாடி வெடித்தது. கரண்ட் போகிற நாளெல்லாம் ஓடூரோ வீட்டு விளக்கு மட்டும் விடிய விடிய எப்படி எரிந்தது என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அவளுக்கு உறைத்தது. சாராயக்கடைக்காரி மாதிரி, எடுத்த அளவுக்குத் தண்ணீரை விட்டிருக்கிறான். தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிட்டது.

"கேன்ல சுத்தமான எண்ணெய்தானே?" என்று ஓடூரோவைக் கேட்டாள்.

"எங்கம்மா மேல சத்தியம்."

"அப்ப சரி." சாம்பல் நிறத் துண்டுகள் கிடந்த ஒரு ஜாடியை அவன் முன்னால் வைத்து, அதே கேனை அவன் கையில் திணித்தாள். "அடியில மிச்சம் இருக்கு. ஊத்து."

குழுவினர் நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்தார்கள். ஓடூரோவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"நான் எதுக்கு மேடம்..."

"சுத்தமான எண்ணெய்க்கு என்னடா பயம்? ஊத்து."

கேனைப் பாதி சாய்த்தான். கீழே வைத்துவிட்டு மண்டியிட்டான். "விளக்குக்குத்தான் எடுத்தேன். குறைஞ்சது தெரியக் கூடாதுன்னு தண்ணி விட்டேன். மன்னிச்சிடுங்க மேடம்."

"உங்க வேலைக்கு ஒண்ணுமில்ல, உக்காருங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

செர்வா உட்காரவில்லை. ஜாடிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தாள். சாம்பல் பூசிய மரவள்ளிக்கிழங்கு. யாரோ சிரித்துவிட்டார்கள்.

"இந்தா, விளக்கு வெளிச்சத்துல அவிச்சுத் தின்னு."

இடது கையால்தான் நீட்டினாள். மன்னிப்புக் கேட்கவில்லை.