யார் போட்ட மெட்டு

புருஷோத்தமன் அனுப்பும் மெட்டுகள் ஹரிதாவுக்குப் பிடித்திருந்தன. ஆளைத்தான் நம்ப முடியவில்லை.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு செல்போன் கம்பெனியில் அவளுக்கு வேலை. கம்பெனி ஆண்டு விழாவுக்கு மைக் செட் போட வந்த புருஷோத்தமன், அவள் எழுதிய பாட்டைக் கேட்டுவிட்டு, "திருப்பதியில சொந்தமா ஸ்டுடியோ வெச்சிருக்கேம்மா. நான் மெட்டு போடறேன், நீ எழுது. நாலு பாட்டு சேந்ததும் வெளியிடலாம்" என்றார். அன்றிலிருந்து கீபோர்டில் வாசித்த மெட்டு வாட்ஸப்பில் வரும். அதற்கு இவள் வரிகளை எழுதி அனுப்புவாள்.

"டைப் பண்ணி மட்டும் அனுப்பு. கீழ உன் பேரு போடாத" என்று முதல் பாட்டிலேயே சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினார்.

ஒருமுறை கம்பெனி வாசலில் பார்த்தபோது, "சார், பல்லவி கடைசியில மெட்டு கொஞ்சம் இறங்கினா நல்லா இருக்கும். பாடிக் காட்டுங்களேன்" என்றாள். அவர் தொண்டையைத் தடவிக்கொண்டு, "சளி புடிச்சிக்கினு இருக்கு, நாளைக்கு அனுப்பறேன்" என்றார். மறுநாள் சரியாக அவள் கேட்ட மாதிரியே இறங்கி வந்தது.

வேறு யாருக்கோ தன் வரிகள் போகின்றன என்று அவளுக்குத் தோன்றியது. எங்கேயாவது இன்னொரு பேரில் பாட்டு வந்துவிட்டதோ என்று யூடியூபில் தேடித் தேடிப் பார்த்தாள். எதுவும் கிடைக்காதது சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

நாலாவது பாட்டில் சோதித்துப் பார்த்தாள். 'தானன தானன தானா' என்று போகும் இடத்துக்கு 'காத்துல காயுது சாயம்' என்பது கச்சிதமாகப் பொருந்தும். வேண்டுமென்றே, 'காத்துல காயுது நூலோட சாயம்' என்று ஒரு சொல்லைக் கூட்டி அனுப்பினாள். மெட்டுப் போட்டவனுக்கு அது பல்லில் கல் கடிபட்ட மாதிரி உறுத்த வேண்டும். புருஷோத்தமனிடமிருந்து உடனே பதில் வந்தது: "சூப்பர்மா, அப்படியே உக்காருது."

மறுநாள் திருத்தி வந்த மெட்டில் 'நூலோட' என்ற இடத்தில் இசை ஒரு கணம் தயங்கி, இழுத்து, பிறகு சாயத்தில் போய் விழுந்தது. கேட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே கோபமும் வந்தது. இதைச் செய்தவர் நிச்சயமாகப் புருஷோத்தமன் இல்லை.

லீவு நாளில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். காளஹஸ்தி தாண்டும் வரை அடுத்த சரணம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. திருப்பதியில் விசாரித்து அவர் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது, உள்ளே ஒரு பெண் அந்த 'நூலோட சாயம்' வரியைப் பாடுவது கேட்டது.

கதவைத் திறந்தது அவர் மனைவி கன்னிகா. "அவரு சித்தூருக்குப் போயிருக்காரே. நீ யாரும்மா?"

ஹரிதா பேரைச் சொல்லவில்லை. "பாட்டு கேட்டு நின்னுட்டேங்க்கா. யாரு எழுதினது?"

"எங்க வீட்டுக்காரரு. படுத்துக்கினே யோசிச்சு எழுதுவாரு" என்று கன்னிகா பெருமையாகச் சிரித்தாள். "மெட்டு கட்டறப்ப இந்த நூலோடங்கற வார்த்தைதான் என்னைப் பாடாப் படுத்திடுச்சு."

ஹரிதா வாசலில் நின்றபடியே, பஸ்ஸில் கட்டிய சரணத்தைப் பாடினாள். இதுவரை யாருக்கும் அனுப்பாத வரிகள். கன்னிகா கீபோர்டுக்குப் போய்க் கூடவே வாசித்தாள். ஓர் இடத்திலும் தட்டவில்லை.

வாசித்து முடித்ததும் கன்னிகா அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப உங்கிட்ட, மெட்டு யாரு போட்டதுன்னு சொன்னாரு?"

"சார்தான்னு..."

சாயங்காலம் வந்த புருஷோத்தமன், இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "ரெண்டையும் சேக்கறதுக்கு நடுவுல ஒரு ஆளு வேணாமா?" என்று மென்று விழுங்கினார்.

"சேத்தீங்களா, பிரிச்சு வெச்சீங்களா?" என்றாள் கன்னிகா. அவர் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

பாட்டுகள் இரண்டு பெண்களின் பேரில் வந்தன. ஒலிப்பதிவு என்ற இடத்தில் அவர் பேரும் இருந்தது. கன்னிகாதான் போடச் சொன்னாள். ஹரிதாவுக்கு அதில் முழு மனசு இல்லை. அவர் செய்தது கன்னிகாவுக்கும் முதல் நாளே தெரிந்திருக்குமோ என்ற எண்ணம் கொஞ்ச நாள் அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த பாட்டுக்கு உட்கார்ந்தபோது, ஹரிதா ஆசையாக எழுதிக் கொண்டுவந்த பல்லவியைக் கன்னிகா பாதியிலேயே நிறுத்தினாள். "இது வேணாம் ஹரிதா. பாடறப்ப மூச்சு வாங்க எடமே இல்ல."

இத்தனை பாட்டில் யாரும் அவளிடம் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஹரிதா பேனாவை எடுத்துக்கொண்டு பாயில் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.