வெயில் படக்கூடாது

செல்லதுரை வாசலிலேயே நின்று உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாம வாங்க சிஸ்டர். தூங்குறா. நல்ல தூக்கம்."

அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை உமாராணி இதற்கு முன் பார்த்ததில்லை. வீடுகளுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவள். அருவங்காட்டுக்கு மேலே இருக்கும் இந்த வீட்டின் படியேறத் தொடங்கியது மழைக்காலத்தில். செல்லதுரையின் மனைவி லோயிஸுக்குக் கருப்பையில் தொடங்கிய புற்று முதுகெலும்புவரை போயிருந்தது. இனி குணப்படுத்த ஒன்றுமில்லை, வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் வழியில், பர்லியார் தாண்டிய மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் லோயிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக் கட்டிலில் கிடத்தியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே நான் கீழ எறங்க மாட்டேன்." அந்த ஒன்றைத் தவிர அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

ஜீப்பைப் பூட்டிவிட்டு மருந்துப் பெட்டியோடு மகேஷ் வந்தான்.

"ஏனுங்க அங்கிள், இன்னைக்கு டீ உண்டுங்களா?"

"உண்டு, உண்டு. செருப்பைக் கழட்டிட்டுப் பூனை மாதிரி வா."

"பூனைக்குப் பாலுதானுங்க ஊத்துவாங்க."

"அப்ப டீத்தூள் மிச்சம். போ உள்ள," என்று செல்லதுரை கிசுகிசுத்தார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தோள் குலுங்கியது. "மூணு நாளா இப்படித்தான் சிஸ்டர். ராத்திரி ஒரு முனகல் கிடையாது. நேத்து நானே எந்திரிச்சு ரெண்டு தரம் பாத்தேன். குழந்தை மாதிரி."

அறை இருட்டாக இருந்தது. ஜன்னலில் தடித்த கம்பளித் திரை, ஓரங்களில் ஊக்கு குத்தியிருந்தது. வெளியே இருந்த குளிரைவிட உள்ளே குளிர் கூடுதல் என்று உமாராணிக்குத் தோன்றியது. கல்லுக்குள் நுழைந்ததுபோல. கட்டிலில் லோயிஸ் மல்லாந்து கிடந்தாள், தலையில் கம்பளிக் குல்லாய், கழுத்துவரை பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வை.

உமாராணி பக்கத்தில் நின்றாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.

மௌனம் அவளுக்குப் புதிதல்ல. சாகப்போகிறவர்களின் அறையில் யாரும் பேசாத நேரம்தான் அதிகம். அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொள்ளாதவர்கள் இந்த வேலையில் நிலைப்பதில்லை. ஆனால் இந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. செல்லதுரை வாசற்படியில் நின்று புன்னகைத்துக்கொண்டிருந்தார். உமாராணி தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது, நெஞ்சு அடைத்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

பிறகு ஒரு மூச்சு, தொண்டையில் உரசிக்கொண்டு வந்தது.

"ஆன்ட்டி."

அசைவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ரஜாயை இழுத்து எறிந்தாள்.

இடது தோளுக்குக் கீழே, நெஞ்சின் மேல், பின்னல் உறை போட்ட வெந்நீர்ப் பை கிடந்தது. எடுத்தபோது கையில் இன்னும் சூடு ஏறியது. அதற்கு அடியில், சிவந்துபோன தோலில், அவள் ஒட்டிவிட்டுப் போயிருந்த பேட்ச்.

அது வலிமருந்து ஏற்றிய மெல்லிய ஒட்டு. மூன்று நாளைக்கான மருந்து தோல் வழியே துளித்துளியாக உள்ளே போகவேண்டும். சூடு பட்டால் துளித்துளியாகப் போகாது. மொத்தமாக இறங்கும்.

"மகேஷ்! பெட்டியைக் கொண்டா. ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!"

பேட்சைப் பிய்த்தெடுத்தாள். ஜன்னலுக்கு ஓடித் திரையை இழுத்தாள். ஊக்குகள் தெறித்து விழுந்தன. தேயிலைச் சரிவின் மேல் ஏறியிருந்த டிசம்பர் வெயில் கட்டில் முழுவதும் விழுந்தது.

"ஐயோ, வெயிலு!"

செல்லதுரை பாய்ந்து வந்து ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றார். இரண்டு கையையும் விரித்திருந்தார். அவருடைய நிழல் மனைவியின் மேல் விழுந்தது.

"பேட்ச் மேல வெயில் படக்கூடாதுன்னு நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க?"

உமாராணி அவரையே பார்த்தாள்.

சொன்னாள். அவள் பரமக்குடிக்காரி, மதுரையில் பயிற்சி எடுத்தவள். பேட்ச் மேல் வெயில் படக்கூடாது என்பது அங்கே சொல்லிக்கொடுத்த பாடம். சுட்டெரிக்கும் வெயிலுக்கு நடுவே சொன்ன பாடம். அதை ஒரு சொல் மாறாமல் இந்த மலையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் அதைக் கேட்டு, இந்தக் குளிரில் கிடைக்கிற ஒரே வெதுவெதுப்பை ஊக்கு குத்தி அடைத்திருக்கிறார். அறை உறைந்திருக்கிறது. மனைவிக்குக் குளிருகிறதே என்று வெந்நீர்ப் பை வைத்திருக்கிறார்.

நிற்க நேரமில்லை. போனில் டாக்டர் சொல்லச் சொல்ல, வலிமருந்தின் வேகத்தை அடக்கும் முறிவு மருந்தை நீர்க்கக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். நெஞ்செலும்பில் விரல்முட்டியால் தேய்த்தாள். "ஆன்ட்டி, மூச்சு இழுங்க. இழுங்க. இன்னொண்ணு." மூச்சு வந்தது. அடுத்ததும் வந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. மூச்சு இப்படியே சீராக இருந்தால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், மதியம் நானே வருகிறேன் என்று டாக்டர் சொன்னார். அவள் போனை வைத்தபோது லோயிஸ் கண்ணைத் திறந்தாள். திறந்ததும் முனகினாள். முனகல் ஓலமாக ஏறி இறங்கியது.

"எதுக்கு எழுப்பினீங்க?" செல்லதுரையின் குரல் உடைந்திருந்தது. "நல்லாத் தூங்கிட்டிருந்தவளை எதுக்கு எழுப்பினீங்க?"

"அங்கிள், அது தூக்கம் இல்லை."

பையையும் பேட்சையும் அருகருகே வைத்து அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. அவர் பையைப் பார்த்தார். திறந்த ஜன்னலைப் பார்த்தார். கட்டிலின் கால்மாட்டில் மெல்ல உட்கார்ந்தார்.

"வெடிமருந்து ஃபேக்டரி கேட்டுல நின்னவன் நான். உள்ள போறவன் பாக்கெட்டுல தீப்பெட்டி இருக்கான்னு தடவித் தடவிப் பாத்தே ரிடையர் ஆனவன்."

"அங்கிள், தப்பு என்னுது. நான் சூடுன்னு சொல்லியிருக்கணும்."

"வெயில்னா சூடுன்னு எனக்குல்ல தெரியணும்?"

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகேஷ் டீ தம்ளரோடு கதவுக்கு வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனான். லோயிஸின் கால் ரஜாய்க்கு வெளியே கிடந்தது. மூடிவிட நீண்ட அவர் கை பாதியில் நின்று, பின்வாங்கியது.

"கூட்டிட்டுப் போயிருங்க சிஸ்டர். இனி என் கையால ஒண்ணும் வேண்டாம். கோயமுத்தூர்லயே இருக்கட்டும்."

வெளியே ஆம்புலன்ஸ் பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஸ்வெட்டரை எடுத்தார், துண்டை எடுத்தார், எதில் வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

லோயிஸின் விரல்கள் உமாராணியின் புடவைத் தலைப்பைப் பற்றின.

"அவரு காலுக்குத்தான் வெச்சாரு," என்றாள்.

செல்லதுரை திரும்பினார்.

"தெனமும் காலுக்குத்தான் வெப்பாரு. நாந்தான் மேல இழுத்தேன்." மூச்சு வாங்கினாள். "முட்டியை மடக்கி, உறையோட நாடாவைப் பிடிச்சு. கொஞ்சம் கொஞ்சமா. ரொம்ப நேரமாகும். ராத்திரி பூரா எனக்கு வேற என்ன வேலை?"

"ஏன் ஆன்ட்டி?"

"ஒருநாள் மட்டும் முதுகுக்கு வெச்சாரு, அது தோளுக்குச் சரிஞ்சுது. அன்னைக்கு வலி போச்சு. எப்படின்னு தெரியாது. போச்சு, அவ்வளவுதான்."

"எந்திரிக்காமலே போயிருப்பீங்க."

லோயிஸ் ஜன்னலைப் பார்த்தாள். வெயில் அவள் கண்ணைக் கூசச் செய்தது. "தூங்கணும்னுதான் நினைச்சேன். அதுக்கு அந்தாண்ட யோசிக்கலை." சற்றுப் பொறுத்து, "யோசிக்கக்கூடாதுன்னு இருந்தேன்," என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒவ்வொரு தரமும் வலி எப்படி இருக்குன்னு கேட்டேனே."

"கேட்டீங்க. இவரு பதில் சொன்னாரு."

உமாராணிக்கு உறைத்தது. உண்மைதான். கேள்வியைக் கட்டிலைப் பார்த்துக் கேட்டாள்; பதில் எப்போதும் வாசற்படியிலிருந்து வந்தது. பரவாயில்லைங்க, தாங்கிக்கிறா, நேத்துக்கு இன்னைக்கு தேவலை. எத்தனையோ வீடுகளில் நோயாளிகள் பேசுவதில்லை, பக்கத்தில் இருப்பவர்கள்தான் பேசுகிறார்கள். பேசுகிறவர்களை நோக்கி முகம் திரும்பிவிடுகிறது. தான் எப்போது திரும்பினோம் என்று அவளால் நினைவுபடுத்த முடியவில்லை.

"அவரு சொன்னதும் சரின்னு விட்டுட்டேன். வலி கூடுதுன்னு தெரிஞ்சா கீழ அனுப்பிருவீங்கன்னு பயம்," என்றாள் லோயிஸ்.

"யாரு அனுப்புவா? மருந்தைக் கூட்டுவோம் ஆன்ட்டி. இங்கயே, இந்தக் கட்டில்லயே. அவ்வளவுதான்."

லோயிஸ் அவளை உற்றுப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

லோயிஸின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் எழுந்தது. வலி அதை நடுவிலேயே வெட்டியது. செல்லதுரை ஸ்வெட்டரை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். யாரோ அறைந்துவிட்டுப் போனதுபோல இருந்தது அவர் முகம்.

ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரை நடையில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தார். மூவரையும் பார்த்து, வழக்கப்படி ஆண்பிள்ளையிடம் கேட்டார்.

"ஏனுங்க சார், பேஷண்டை எடுத்துறலாமுங்களா?"

செல்லதுரையின் வாய் தானாகத் திறந்தது. மூடினார். கட்டில் பக்கம் கையைக் காட்டினார். "எங்கிட்டக் கேக்காதீங்க. அவகிட்டக் கேளுங்க."

ஆம்புலன்ஸ்காரர் உமாராணியைப் பார்த்தார். அவள் தலையசைக்கவில்லை. அவர் தயங்கித் தயங்கிக் கட்டிலருகே வந்து குனிந்தார்.

"ஏனுங்கம்மா, போலாமுங்களா?"

"நீங்க போங்க," என்றாள் லோயிஸ். "நான் வரலை."

"அதுக்கில்லைங்கம்மா..."

"டீ குடிச்சிட்டுப் போங்க. தம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தன் வெளிய நிக்கிறான் பாருங்க."

அவர் போன பிறகு உமாராணி நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். முறிவு மருந்தின் வேகம் குறையும்போது மூச்சு மறுபடி இளைக்கக்கூடும். டாக்டர் வரும்வரை அவள் இங்கிருந்து நகர முடியாது. நகர விருப்பமும் இல்லை. செல்லதுரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, இப்ப வலி பத்துக்கு எவ்வளவு?"

லோயிஸின் கண்கள் அவளைத் தாண்டிக் கணவரிடம் போயின. அங்கிருந்து பதில் வரவில்லை. அது உறுதியானதும் திரும்பின.

"ஒம்பது."

"இந்தப் பைக்கு முன்னாடி, போன வாரம்?"

"அதே ஒம்பதுதான்."

ஸ்வெட்டரோடு செல்லதுரை நெருங்கி வந்து நின்றார். அவர் கேட்டபோது அது அவருடைய குரல்போலவே இல்லை.

"ஸ்டெபி கல்யாணத்தன்னைக்கு எவ்வளவு?"

மகளின் கல்யாணம் நடந்தது ஆகஸ்டில். கூடத்துச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. பட்டுப்புடவையில், சக்கர நாற்காலியில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள் லோயிஸ்.

லோயிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

உமாராணி பதறிக் குனிந்து அவள் மூக்கருகே புறங்கையை வைத்தாள். மூச்சு சரியாக இருந்தது. லோயிஸ் விழித்துத்தான் இருந்தாள்.