கடையில் வாங்கியது போல

முதல் கவுனில் அம்ருதாவின் தலை நுழையவில்லை. தோள், மார்பு, இடுப்பு, உயரம் என்று தீப்தி ஒன்று விடாமல் அளந்திருந்தாள். கழுத்தை இரண்டு முறை அளந்தாள். கழுத்துக்கு வந்து சேருமுன் துணி தலையைத் தாண்டியாக வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. புனே லோஹேகாவில் பாஸ்கர் வீட்டுக் கூடத்தில் ஐந்து வயதுக் குழந்தை, தூக்கிய கைகளோடு துணிக்குள் மாட்டிக்கொண்டு நின்றது.

"தீதி, உள்ள ஒரே இருட்டு."

"அசையாதே கண்ணு. இரு, கழட்டறேன்."

"வேண்டாம். நீ ஓடு. நான் பிடிக்கறேன்."

அப்படியே அவளைக் கூடம் முழுக்கத் துரத்தியது குழந்தை. சோபாவில் இடித்துக்கொண்டு, சுவரில் முட்டி, கடைசியில் தீப்தியின் முழங்காலைக் கட்டிப் பிடித்தது. சமையலறை வாசலில் காபி டம்ளருடன் நின்றிருந்த பாஸ்கர் சத்தமாகச் சிரித்தான். அவனுக்கும் தீப்திக்கும் நிச்சயமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவன் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

பாஸ்கர் கோயமுத்தூர்க்காரன். போசரியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெண் பார்க்க வந்தபோதே குழந்தையையும் கூட்டி வந்திருந்தான். பெரியவர்கள் ஜாதகம் பேசிக்கொண்டிருக்க, அம்ருதா மேஜைக்கு அடியில் தவழ்ந்து வந்து, பாவாடை கிழிந்த ஒரு பொம்மையைத் தீப்தியின் மடியில் வைத்து, "தைச்சுத் தருவியா?" என்று கேட்டாள். தீப்திக்குப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது. இருந்தும் "தரேன்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் கேம்ப் பகுதியில் வேலை பார்த்த இன்சூரன்ஸ் அலுவலகம் விட்டதும் இரண்டு தெரு தள்ளி இருந்த மாலைநேரத் தையல் வகுப்பில் சேர்ந்தாள்.

"ஏம்மணி, குழந்தையோட வர்ற இடம். நல்லா யோசிச்சியா?" என்று அம்மா கேட்டாள்.

"யோசிச்சுட்டேம்மா."

யோசித்திருந்தாள். ஆனால் அந்த யோசனையில் பாஸ்கர் எவ்வளவு குறைவாக வந்தான் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

இரண்டாவது கவுனில் தலை தாராளமாக நுழைந்தது. கைகளில்தான் பிசகிவிட்டது. கைத்துணிக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. ஒன்றை வெட்டியபின் துணியைத் திருப்பிப் போட்டு அடுத்ததை வெட்ட வேண்டும். தீப்தி திருப்பவில்லை. இரண்டும் இடது கைகளாகவே வந்தன. வலது பக்கம் தோளில் சுருங்கி முதுகுப்புறம் இழுத்தது. பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கத் துணி இல்லை.

அம்ருதா கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "இந்தக் கை பின்னாடி யாரையோ பார்க்குது."

"தப்பாயிடுச்சுடா. வேற தைச்சுத் தரேன்."

"இதுக்குள்ள பாக்கெட் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ இதான் வேணும்."

அந்தப் பாக்கெட்டில் கூழாங்கல், பென்சில் துண்டு, பாதி தின்ற பிஸ்கட் எல்லாம் குடியேறின. குடியிருப்பில் கணபதி வைத்திருந்த நாட்களில் அதையேதான் போட்டுக்கொண்டு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் "மேரி தீதி நே பனாயா", எங்க அக்கா தைச்சது, என்று சொல்லித் திரிந்தாள். வேறு உடுப்பே கிடையாதா என்று மாலைவரை அவளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் பாஸ்கரிடம் கேட்டாளாம்.

வகுப்பில் வைஜயந்தி டீச்சருக்கு அப்படிப்பட்ட தாட்சண்யமெல்லாம் இல்லை. ஒவ்வொரு துணியையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு மராத்தியில் ஒரே தீர்ப்புதான்: வீட்டில் தைத்தது மாதிரி இருக்கிறது. அதைவிடக் கீழான மதிப்பெண் அந்த வகுப்பில் கிடையாது. தீப்தி வீட்டுக்கு வந்து, எங்கே தவறியது என்று வரிசையாக எழுதிப் பார்ப்பாள். எழுதியதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். அடுத்த துணியில் வேறொரு தவறு காத்திருக்கும்.

மூன்றாவது கவுன் அம்ருதாவின் ஆறாவது பிறந்தநாளுக்கு. கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பருத்தித் துணி. குழந்தைக்குக் காட்டாமல் ஒளித்தே வைத்திருந்தாள். இந்த முறை அவசரமே இல்லை. முதலில் பழைய புடவைத் துணியில் வெட்டித் தைத்துப் பார்த்தாள். பிறகுதான் நல்ல துணியில் கத்தரி வைத்தாள். பக்கங்களில் உள்ளே இரண்டு விரல் அகலம் துணி விட்டு, ரவிக்கைக்குத் தைப்பது போல ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று தையல் ஓட்டினாள். ஏழு வயதில் ஒரு தையலைப் பிரித்துவிடலாம், எட்டு வயதில் இன்னொன்றை. கீழே ஓரத்தையும் நான்கு விரல் மடித்துத் தைத்தாள். குழந்தை உயர உயர இறக்கிவிடலாம். இதையெல்லாம் பிரிக்கப் போவது தான்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எதிலும் சந்தேகப்படுகிறவள் அதில் மட்டும் சந்தேகப்படவில்லை.

பிறந்தநாளுக்குப் பத்து நாளைக்கு முன் பாஸ்கர் அலுவலகத்துக்குக் கீழே வந்து நின்றான். பக்கத்து பேக்கரியில் இரண்டு டீ சொன்னான். டீ வந்து ஆடை படிந்தது.

"ஒண்ணு சொல்லோணுங்க," என்றான் கடைசியில். "தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொல்ல முடியாது. தப்பாத்தான் எடுத்துக்குவீங்க."

"சொல்லுங்க."

"அம்ருதாவுக்கு ஒரு அம்மா வேணும்னுதான் தேடுனேன். எனக்குன்னு நான் தேடலை. போகப் போகச் சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "மனசு வரலீங்க. உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. ஆனா உங்களைக் கூட்டிட்டு வந்து, புள்ளையைப் பார்த்துக்கற ஆளா வெச்சுக்கறது பாவம். ஒரு நாள் நீங்களே ஏன்னு என்னைக் கேப்பீங்க."

'நானும் உங்களுக்காக வரவில்லை. அவளுக்காகத்தான் வந்தேன்' என்ற வார்த்தைகள் தீப்தியின் நாக்கு நுனிக்கு வந்தன. சொன்னால் சரியாகிவிடுமா, இன்னும் கெட்டுவிடுமா என்று அவள் எடைபோட்டாள். ஒரு பெண் இதைச் சொல்லலாமா, சொன்னால் அவன் என்ன நினைப்பான் என்று ஒவ்வொன்றாக யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் அவன் அடுத்ததைப் பேசத் தொடங்கிவிட்டான்.

"உங்க அப்பாகிட்ட நானே வந்து சொல்லிக்கறேன். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். இனி அம்ருதாவைப் பார்க்க வராதீங்க."

"ஒரு தடவை வந்து சொல்லிட்டு..."

"வேண்டாங்க. அவங்கம்மா போனப்போ அவளுக்குச் சரியா சொல்லவும் தெரியல. யாரு மணி அடிச்சாலும் ஓடிப் போய்க் கதவுக்கு முன்னாடி நிப்பா. பால்காரனா இருந்தாலும் நிப்பா. எட்டு மாசம் அப்படி நின்னா. இன்னொரு தடவை அதை என்னால பார்க்க முடியாது. இப்பவே விட்டுட்டா மறந்துருவா. சின்னப் புள்ளைதானே."

வெளியே பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. அது நிற்கும்வரை தீப்தி காத்திருந்தாள்.

"பிறந்தநாளுக்கு ஒரு கவுன் தைச்சிட்டிருக்கேன். முக்கால்வாசி முடிஞ்சுது. அதை மட்டும் குடுக்கறேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "குடுங்க. கடைல வாங்குனதுன்னு சொல்லிக் குடுத்தர்றேன். அவகிட்ட பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் வேற வழியில்ல." பிறகு பாதிச் சிரிப்போடு சொன்னான்: "ஆனா கண்டுபிடிச்சிருவா. உங்க தையலு அவளுக்கு நல்லாத் தெரியும்."

தீப்தி அன்று வகுப்புக்குப் போகாமல் எம்.ஜி. ரோட்டில் குழந்தைகள் துணிக்கடை ஒன்றுக்குள் நுழைந்தாள். தொங்கிய கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். எந்த சைஸ் வேண்டும் என்று விற்பனைப் பெண் இந்தியில் கேட்டாள். பார்க்கத்தான் வந்தேன் என்றாள் தீப்தி. கடைக் கவுன்களில் உள்ளே துணியே விடவில்லை. தையலை ஒட்டி வெட்டி இன்டர்லாக் போட்டிருந்தார்கள். கீழ் மடிப்பு ஒரு விரல்கூட இல்லை. பிடரியில் சைஸ் போட்ட லேபிள். எதிலும் பாக்கெட் இல்லை. யார் வீட்டுக் குழந்தை, எப்போது வளரும் என்ற கவலையெல்லாம் அவற்றில் இல்லை.

மறுநாள் வகுப்பில் கவுனை விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். கழுத்துப் பட்டையில் கையால் போட்ட தையலை எடுத்துவிட்டு மிஷினில் ஓட்டினாள். ஒரு இடத்தில் கோணிற்று, பிரித்தாள். மறுபடி கோணிற்று; மறுபடி பிரித்தாள். முன்பெல்லாம் இந்த இடத்தில் 'போகட்டும், அவளுக்குத் தெரியாது' என்று விட்டிருப்பாள். இப்போது அவளுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் பயம்.

பக்கத் தையல்கள் மூன்றில் இரண்டைப் பிரித்துவிட்டு, இன்டர்லாக் மிஷினுக்கு எடுத்துப் போனாள். அது தைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டும் மிஷின். வைஜயந்தி டீச்சர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அக, மார்ஜின் கா காப்தேஸ்?" உள்ளே விட்ட துணியை ஏன் வெட்டுகிறாய் என்று கேட்டுவிட்டு, அவள் துணியைச் சரிசெய்துகொண்டே இருப்பதைப் பார்த்து, எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை நினைவுபடுத்துவது போலச் சொன்னார்: "முல்கி வாட்னார் நா." பெண் வளருவாள் இல்லையா.

"ரெடிமேட் மாதிரி வேணும் டீச்சர்," என்றாள் தீப்தி இந்தியில். "இந்த வருஷத்துக்கு மட்டும் போதும்."

கால் வைத்து அழுத்தினாள். மிஷின் ஓட ஓட, அக்குளிலிருந்து இடுப்புவரை இரண்டு விரல் அகலத் துணி நாடா போல வெட்டுப்பட்டு மடியில் விழுந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. கீழ் மடிப்பைப் பிரித்து அதையும் வெட்டினாள். துணி வெட்டுப்படும் சத்தம்கூடக் கேட்கவில்லை. மோட்டாரின் இரைச்சலில் எல்லாம் போயிற்று.

மிச்சமிருந்தது பாக்கெட். வலது பக்கத் தையலுக்குள் மறைவாக வைத்திருந்தாள்; கையை விட்டாலொழிய இருப்பது தெரியாது. பாஸ்கருக்கும் தெரியப் போவதில்லை. கடைக் கவுன் என்று சொல்லியே கொடுக்கட்டும். அம்ருதா போட்டுக்கொண்ட நிமிடமே கை அங்கேதான் போகும். போனதும் அவளுக்குப் புரிந்துவிடும். யாரிடமும் சொல்லாவிட்டாலும் புரிந்துவிடும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டால் என்ன என்று தீப்தி தன்னையே கேட்டாள். தான் இருந்ததற்கு இவ்வளவு சின்ன அடையாளம்கூடக் கூடாதா என்று கேட்டாள்.

அடையாளம் யாருக்கு என்று அதன்பிறகு கேட்டுக்கொண்டாள். புரிந்துவிட்டால் குழந்தை சும்மா இருக்காது. தீதி எங்கே என்று கேட்கும். பதில் வராவிட்டால், மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப் போய் நிற்கும்.

தையல் பிரிப்பானை எடுத்துப் பாக்கெட்டைக் கழற்றினாள். அந்த இடத்தில் தையலை ஓட்டி மூடினாள். இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

லேபிள்களைச் சில்லறையாகத் தர மாட்டோம் என்று தையல் சாமான் கடைக்காரர் சொல்லிவிட்டதால் ஒரு கட்டு முழுக்க வாங்க வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் ஆறு வயது என்றே அச்சடித்திருந்தது. ஒன்றைப் பிடரியில் வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு டீச்சரிடம் கொண்டுபோனாள். டீச்சர் வழக்கம் போல உள்பக்கம் திருப்பினார். தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். கைகள் இரண்டும் அதனதன் பக்கத்தில் இருந்தன. கவுனை உயர்த்திப் பிடித்து வகுப்பு முழுவதற்கும் காட்டினார்.

"பகா. ரெடிமேட் வாட்தய்." பாருங்கள், கடையில் வாங்கியது போல இருக்கிறது.

எல்லாரும் கைதட்டினார்கள். தீப்தி தரையில் கிடந்த வெட்டுத் துணிகளைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டாள். பொறுக்கி முடித்த பிறகும் உடனே நிமிர முடியவில்லை.

பிறந்தநாளுக்கு முதல்நாள் மாலை பாஸ்கர் வகுப்புக்குக் கீழே ஸ்கூட்டரில் வந்தான். தொழிற்சாலைச் சட்டையை மாற்றாமலே வந்திருந்தான். சற்று இளைத்திருந்தான்.

"அம்ருதா எப்படி இருக்கா?"

"இருக்கறாளுங்க. மொதல்ல கேட்டுக்கிட்டே இருந்தா. ஊருக்குப் போயிருக்காங்கன்னேன்." ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினான். "ரெண்டு நாளா கேக்கறதில்ல."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவன் அதைச் சொன்னான். அவளும் "நல்லது" என்றாள்.

பையை வாங்கி உள்ளே பார்த்தான். கவுனைப் பாதி வெளியே எடுத்தான். பிடரியில் லேபிளைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. ஓரத்தைத் திருப்பி உள்தையலையும் பார்த்தான்.

"கடைல வாங்கிட்டீங்களா? நீங்க தைக்கறதாச் சொன்னீங்களே."

தீப்தி அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை, சோதனையும் இல்லை. உண்மையாகவே கேட்கிறான். அவள் கை இந்த அளவுக்கு வரும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"ஆமாங்க," என்றாள். "நான் தைச்சது சரியா வரல."

"அடடா. பரவால்லீங்க." உடனே நம்பிவிட்டான். துணியை ஒழுங்காக மடித்துப் பைக்குள் வைத்தான். அவன் தோள் கொஞ்சம் தளர்ந்து இறங்குவதை அவள் கவனித்தாள். "ஒரு விதத்துல இதுவும் நல்லதுதாங்க. அவகிட்ட பொய் சொல்ல வேண்டியதில்ல. நெனச்சு நெனச்சு அதுவே உறுத்திக்கிட்டு இருந்துச்சு."

"ம்."

வண்டியைக் கிளப்பப் போனவன் நின்றான். "சைஸ் சரியில்லைன்னா மாத்திக் குடுப்பாங்களா? பில்லு ஏதும் இருக்குதுங்களா?"

"மாத்த வேண்டியிருக்காது," என்றாள் தீப்தி. "சரியா இருக்கும்."