உள்ளே பாப்பா தூங்குகிறாள்

1

இந்தக் கதை என் மனைவி சொன்ன ஒரு பொய்யில் பிறந்தது. நான் பொய் சொன்னால் அதைக் கதை என்று அச்சில் போடுகிறார்கள். அவள் சொன்னது இரண்டே வார்த்தை. அதற்குப் பிறகு வேறு எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு லாரி...'

வேண்டாம். குடும்பத்தையே என்பது உண்மையில்லை. மகள் வரவில்லை.

2

நடந்தது இதுதான். அலுவலகத்தில் என்னைத் தூக்கி இந்த ஊரில் போட்டார்கள். மகளுக்கு இருபத்து மூன்று வயது. பழைய ஊரிலேயே வேலை, தோழிகளோடு ஒரு வாடகை வீடு. பிள்ளைகள்தான் பெற்றவர்களை விட்டுப் போவார்கள் என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழ்.

"எங்களோடயே வந்துடேன்டி" என்று அவள் அம்மா கேட்டாள்.

"நீங்கதாம்மா போறீங்க. நான் எங்கயும் போகலையே."

[இந்த இடத்தில் 'கண்கள் கலங்கின' என்று இருந்தது. மனைவி அடித்துவிட்டாள். "நான் எப்ப அழுதேன்? கண்டதையும் எழுதி வைக்காதீங்க."]

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: என் கதைகளின் முடிவுகளை எப்போதும் மகள்தான் திருத்துவாள். "அப்பா, கடைசிப் பாரா சொதப்பல்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள். இந்தக் கதைக்கு அந்த வசதி இல்லை.)

3

இனி சைக்கிள். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்திருக்கிறேன்.

மகளுக்கு ஏழு வயதில் வாங்கியது. சிவப்புக் கைப்பிடி, சங்கிலி முழுக்கத் துரு. சாமான்களைக் கட்டும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"இத யாருக்காவது குடுத்துடலாமே. அவ இப்ப ஏறி உட்கார்ந்தா முழங்கால் மோவாயில இடிக்கும்."

"உங்க புத்தகக் கட்டுகளையெல்லாம் எடைக்குப் போடுங்கன்னு நான் சொன்னேனா?"

சைக்கிள் லாரியில் ஏறியது.

4

புது வீட்டில் சாமான் இறக்கியவர்களில் பெரியவர் அந்தச் சைக்கிளோடு வந்து, "இது எந்த ரூமுக்கு சார்?" என்றார். நானும் மனைவியும் ஒரே நேரத்தில் ஜன்னலோர அறையைக் காட்டினோம். அது யாருடைய அறை என்று நாங்கள் அதுவரை பேசிக்கொள்ளவே இல்லை.

காற்றில் அறைக்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பெரியவர் சைக்கிளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாப்பா தூங்குதாம்மா?"

"ஆமா, தூங்கறா" என்றாள் என் மனைவி.

அவர் சைக்கிளைக் கதவோரமாகச் சத்தமில்லாமல் சாய்த்து வைத்தார். அவ்வளவுதான், விஷயம் மாடிப்படி வரை பரவிவிட்டது. பீரோவைக்கூடப் பூப்போல இறக்கினார்கள். ஒருவர் தும்மலை அடக்கப் பட்ட பாடு எனக்கே பாவமாக இருந்தது. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடந்தேன். அவர்கள் போகும்வரை எங்கள் மகள் எங்களோடுதான் இருந்தாள். அவர்கள் போகவே கூடாது என்று இருந்தது எனக்கு.

5

முடிவு ஒன்று: அழைப்பு மணி அடிக்கிறது. மனைவி ஓடிப்போய்த் திறக்கிறாள். வாசலில்

முடிவு இரண்டு: போனில் மகள், "லீவு கெடைச்சா பாக்கறேம்மா" என்கிறாள். (இதில் கற்பனை ஏதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்வதுதான்.)

மனைவி முதல் முடிவைப் படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"மணி அடிக்கறத எழுதாதீங்க."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு."

"எழுதிட்டா உங்களுக்கு அவ வந்துட்டா. எனக்கு வரலையே."

அதனால்தான் அந்த வாக்கியம் வாசலிலேயே நிற்கிறது.

6

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். மிச்சத்தை ஒருத்தியிடம் மட்டும் பேசிக்கொள்கிறேன்.

பாப்பா, வழக்கம்போல இதை முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். கடைசிப் பாரா இல்லை. எழுதி அனுப்பிவிடாதே, நேரில் வந்து திருத்து. உன் அறைக்கதவு இன்னும் சாத்தியேதான் இருக்கிறது. சைக்கிளும் பக்கத்திலேயே இருக்கிறது. நேற்று உன் அம்மா அதற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.