தார்க் கையோடு ஆடிய ஆட்டம்

கிடியன் ஷீலுக்கு முப்பத்திரண்டு வயதில் ஒரே ஒரு ஏக்கம்தான்: ஸ்காட்லாந்து அணியில் ஒரு தடவையாவது ரக்பி ஆடிவிட வேண்டும். அந்தச் சனிக்கிழமை கீழூரோடு நடக்கும் ஆட்டத்தைப் பார்த்து ஆள் பொறுக்க எடின்பரோவிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

அன்றைக்காவது மனிதன் சும்மா இருந்தானா? குளிர் வருமுன் தன் ஆடுகளின் உடம்பில் ஈரமும் பூச்சியும் அண்டாதபடி தாரும் வெண்ணெயும் குழைத்துப் பூசியாக வேண்டும். இந்த மகா கஞ்சன் வெண்ணெயைப் பாதியாகக் குறைத்துவிட்டான்.

"யோவ், பிசின் மாதிரி இழுக்குதுய்யா," என்றாள் மனைவி இஸ்பி.

"ஆட்டுக்குத்தானே பூசுறோம், ரொட்டிக்கா?" என்றான்.

நாற்பது ஆடுகளை முடித்தான். கையை வைக்கோலில் துடைத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினான்.

முன்வரிசையில் முட்டித் தள்ளுவதே அவன் வேலை என்பதால், கடைசி ஐந்து நிமிடம் வரை பந்து அவன் கைக்கே வரவில்லை. வந்ததும் அப்படியே ஒட்டிக்கொண்டது! கீழூர்க்காரர்கள் நாலு பேர் அவனை அமுக்கினார்கள். பிடிபட்டவன் பந்தைக் கீழே வைத்துவிட வேண்டும்.

"வைடா கீழே!"

"வர மாட்டேங்குதுடா!"

"நடிக்கிறான் பாரு, திருட்டுப்பய!"

நாலு பேரும் பந்தைப் பிடுங்கப் பிடுங்க அவனும் கூடவே எழுந்துவிட்டான். எழுந்தவன் அவர்களையும் இழுத்துக்கொண்டே போய் அவர்களுடைய எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். அரை மணி நேரம் வாய்ச்சண்டை போட்ட பிறகே அது செல்லும் என்று கீழூர்க்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் அது மட்டும் போதாது, வெற்றி கிடைக்காது. ஒருவன் படுத்துப் பந்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் அதைக் கம்பத்துக்கு மேலே உதைக்க வேண்டும். உதைக்க வந்தவன் அணித்தலைவன் லெயிட்லா. பந்து இன்னும் கிடியன் கையிலேயே ஒட்டியிருக்க, பிடிப்பவன் யார் என்று கேட்கவே வேண்டாம்.

"விரல் போயிடும்டா கிடியன்."

"போனா போகட்டும். பெரிய மனுஷன் பாக்குறாரு. உதைடா!"

உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. உள்ளங்கைத் தோலும் கூடப் போயிற்று, இரண்டு விரல் முறிந்தது. ஊரே குதித்தது.

பெரிய மனிதர் விறுவிறுவென்று வந்தார். கிடியன் வலியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். அவரோ அவனைத் தாண்டிப் போய் லெயிட்லாவின் தோளைத் தட்டினார்.

"அடேயப்பா, என்ன உதை! இனி நீங்க ஸ்காட்லாந்துக்கு ஆடுறீங்க."

பாவி மனிதர், கண்ணை எங்கே வைத்துக்கொண்டு பார்த்தாரோ! கிடியனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லெயிட்லா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவனிடம் வந்தான்.

"போய் நல்லா ஆடுடா," என்றான் கிடியன். "அங்க பந்து பிடிக்க ஆள் இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோ."

லெயிட்லா அந்தக் கையையே பார்த்தான்.

"ஆளுக்கு என்னடா பஞ்சம்? உதை வாங்குற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்க எவன் இருக்கான்?"